கருமை இழந்த பேனா

பணி நிமித்தம் ஊர்விட்டு வந்த குடும்பங்களில், பாட்டனார் காலத்துப் பேனா ஒன்று ஏதேனும் ஒரு பெட்டியின் அடியில் கிடப்பதுண்டு. எடுத்துப் பார்ப்போர், கறுப்புப் பேனா என்று கேள்விப்பட்டது பழுப்பாக இருக்கிறதே என வியப்பர். துணிகொண்டு அழுத்தித் துடைப்பர், நிறம் மாறாது. அஃது அழுக்கன்று. மூடியைத் திருகித் திறந்தால், அது மறைத்திருந்த பகுதி மட்டும் இன்றும் கருமை குன்றாதிருப்பதைக் காணலாம். ஒளி படாத இடம் கறுப்பு. பட்ட இடம் பழுப்பு.

இதன் காரணத்தை அறிய அப்பொருளின் பிறப்பை அறிதல் வேண்டும். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதிப்படும் என்பதை அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டார். கந்தகத்தைக் கால் பங்குக்கு மேலும் கூட்டி நெடுநேரம் வெப்பத்தில் வைத்தால் ரப்பர் கொம்புபோல் கெட்டியாகும். இவ்வகைக்கு அவர்தம் தம்பி நெல்சன் குட்இயர் 1851இல் காப்புரிமை பெற்றார். கருங்காலி மரத்தை ஒத்திருந்தமையால் இதற்கு எபோனைட் என்று பெயர் வந்தது. கடைசலுக்கு இசைந்தது, எடையற்றது, அந்நாளைய அமில மையால் அரிக்கப்படாதது. பேனாவுக்கு இதனினும் ஏற்ற பொருள் அன்று இல்லை. 1884இல் நியூயார்க்கின் லூயிஸ் வாட்டர்மன் காப்புரிமை பெற்ற பேனா முதலாக, ஏறத்தாழ நாற்பதாண்டுகள் எபோனைட்டே கோலோச்சியது. (ஒப்பந்தத் தாளில் மை கொட்டியதால் அவர் புதுப் பேனா படைத்தார் என்னும் கதையை நாம் நம்புவதற்கில்லை, விளம்பரத்துக்கு அது மிகப் பொருந்துகிறது!)

வலிமை தந்த அக்கந்தகமே பின்னர் வினையாயிற்று. ஒளியும் காற்றும் ஈரமும் சேருங்கால் மேற்பரப்பிலுள்ள கந்தகம் சிதைந்து, நுண்ணளவில் கந்தக அமிலமாகிறது, கருமை வெளிறுகிறது. இத்தகைய பேனாவை இரவெல்லாம் நீரில் ஊறவைத்தால், காலையில் பாசிப் பச்சையும் பழுப்புமாக எழும். வெள்ளிப் பொருளோடு ஒரே பெட்டியில் வைத்தால் வெள்ளியும் கறுக்கும்.

1924இல் ஷீஃபர் நிறுவனம் செல்லுலாய்டு பேனாக்களைக் கொணர்ந்தது. 1921இல் சிவப்பு எபோனைட்டில் வெளிவந்த பார்க்கரின் டியோஃபோல்டு, 1926இல் அப்பொருளுக்கு மாறியது. மேனாட்டில் எபோனைட் பின்தள்ளப்பட்ட பிறகே நம் நாட்டில் அது புதுவாழ்வு பெற்றது. அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த ராஜமுந்திரியில், கே. வி. ரத்னம் காந்தியடிகளின் சுதேசிக் கொள்கையை ஏற்றுப் பேனாக்களைக் கடைந்தார். அடிகள் 1935இல் அவருக்குப் பாராட்டுக் கடிதம் எழுதினார். கைக்கடைசல் எபோனைட் பேனா இன்றும் நம் நாட்டில் செய்யப்படுகிறது.

இனி, போன கருமையை மீட்பதெங்ஙனம்? வழிகள் இரண்டு கையாளப்படுகின்றன. ஒன்று, வெளிறிய தோலை உப்புத்தாளாலும் மெருகுத் துணியாலும் தேய்த்தெடுத்தல். உள்ளிருக்கும் கருமை வெளிப்படும். ஆனால் பேனாவின் மேல் அலையாகவும் கட்டமாகவும் பொறித்த நுண்கோடுகளும், செய்தவர் பெயரும் காப்புரிமை ஆண்டும் உடன் அழியும். அப்பேனாவின் வயதை அறிய அவ்வெழுத்துகளே சான்று. மற்றொன்று, கருஞ்சாயம் பூசுதல். கோடுகள் பிழைக்கும், எனினும் கைபட்டுச் சாயம் தேயலாம், வாங்குவோரை ஏமாற்றவும் அது துணைபோகும். சிவப்பு எபோனைட்டில் சாதிலிங்கம் சேர்ப்பதுண்டு. அது பாதரசச் சேர்மம். அத்தூளை மூச்சில் இழுத்தல் தீது.

எங்கள் பாட்டனாரின் பேனாவை, மெருகேற்றித் தருவதாகச் சொன்ன ஒரு பட்டறையில் சில ஆண்டுகட்கு முன் கொடுத்தோம். மைபோல் கறுத்துப் பளபளவென்று வந்தது. வாங்கி வீடு சேர்ந்து விளக்கடியில் பார்த்தபோதுதான், குழலில் அவர் செலவிட்டுப் பொறித்திருந்த பெயர் இல்லாதது தெரிந்தது. பட்டறைக்காரரை நொந்து பயனில்லை; கறுப்பாக்கித் தருமாறு கேட்டோம், அவர் அதையே செய்தார். பெயர் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை.

அதன்பின் கிடைத்த பாட்டனாரின் மற்றொரு பேனாவைப் பழுப்பாகவே வைத்திருக்கிறோம். மையை வடித்து, நிப்பை மட்டும் நீரில் நனைத்துக் கழுவி, உடலை உலர்ந்த துணியால் துடைத்து, இருண்ட பெட்டியில் தனியே இட்டுள்ளோம். சாய்த்துப் பிடித்தால் அவருடைய முதலெழுத்துகள் இரண்டும் தெரிகின்றன.