துவாஸ் படக்குழாயும் விளையாட்டுக் கணினியும்

விளையாட்டுக் கணினியைப் புதுப்பிக்க விரும்பும் இளைஞர் முதலில் நாடுவன இரண்டு. ஒன்று, படத்தைக் கணித்து வரைந்தளிக்கும் வரைகலை அட்டை. மற்றொன்று, அப்படத்தைக் கண்ணுக்குக் காட்டும் திரை. செலவில் பெரும்பகுதி இவ்விரண்டிற்குமே போய்விடுகிறது. தோட்டத்திலும் தொழிற்பேட்டையிலும் பெற்றோர் வியர்வை சிந்திச் சேர்த்த பணம் அது. ஆகவே, இவற்றுள் எதனை முதலில் தேர்ந்தெடுப்பது என்ற வினா சிறுபிள்ளை விளையாட்டன்று. அட்டையே முதலில், அதிலும் புதியதே சிறந்தது என்று இளைஞர் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பிழையானது என்பதை இக்கருவிகளின் வரலாறே நமக்கு உணர்த்துகிறது. அவ்வரலாற்றின் முக்கியமான ஏடு ஒன்று சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலுள்ள துவாஸில் எழுதப்பட்டது என்பதை அறிந்தோர் சிலரே.

நிழலும் ஒளியும்

துவாஸ் என்ற பெயர் மீன்பிடித் தொழிலோடு தொடர்புடையது. தென்னை ஓலைகளைக் கடல்நீரில் இட்டு, அவற்றின் நிழலை நாடி வரும் மீன்களை வலையால் தூக்கியெடுக்கும் முறைக்கு மலாய் மொழியில் வழங்கிய சொல்லே ஊர்ப்பெயராயிற்று என்பர். அம்மீனவக் கிராமம் இருந்த கரையோரத்தில் கடல் தூர்க்கப்பட்டு, ஆலைகள் எழுந்தன. 1998-இல் ஜொகூருக்குச் செல்லும் இரண்டாம் இணைப்புப் பாலம் திறக்கப்பட்டது. 2022-இல் பெருந்துறைமுகம் தொடங்கிவைக்கப்பட்டது.

அவ்வாலைகளுள் ஒன்று, ஜப்பானியச் சோனி நிறுவனத்தின் படக்குழாய் ஆலை. டிரினிட்ரான் என்று உலகெங்கும் புகழ்பெற்ற வண்ணப் படக்குழாய்கள் இங்கு உருவாயின. நிழலைக் காட்டி மீனை ஈர்த்த ஊர், ஒளியைக் காட்டிக் கண்ணை ஈர்க்கும் கருவிக்குத் தாயகமானது விந்தையன்றோ!

படக்குழாயின் இயல்பு

1897-இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் எதிர்மின் கதிர்க் குழாயை அமைத்தார். காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாயினுள் பாயும் மின்னணுக் கற்றை, முன்புறத்தில் பூசப்பட்ட ஒளிர்பொருளைத் தாக்கும்போது அவ்விடம் ஒளிர்கிறது. கற்றை வரிவரியாக ஓடித் திரை முழுவதையும் நிரப்பிவிட்டு மீண்டும் முதல் வரிக்கு வருகிறது. நொடிக்கு எத்தனை முறை இவ்வாறு நிரப்புகிறதோ, அதனைப் புதுப்பிப்பு வீதம் என்கிறோம்.

வண்ணப் படத்திற்கு மூன்று கற்றைகள் வேண்டும். அவை தத்தம் நிறப் பொருளை மட்டுமே தாக்கும்பொருட்டு, பழைய குழாய்களில் துளையிட்ட உலோகத் தகடு ஒன்று இடையே வைக்கப்பட்டது. அத்தகடு மின்னணுக்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிட்டது. 1968-இல் வெளிவந்த டிரினிட்ரான், துளைத் தகட்டிற்கு மாற்றாக நெடுக்கான மெல்லிய இழைகளைக் கொண்ட தட்டியைப் பயன்படுத்தியது. படம் பொலிவு பெற்றது. 1973-இல் இக்கண்டுபிடிப்புக்கு அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருது கிடைத்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்கென்று பிறந்த இக்குழாய், பின்னர்க் கணினித் திரையாகவும் சிறந்து விளங்கியது.

இக்குழாயின் இரு பண்புகளை வாசகர்கள் மனத்தில் இருத்துதல் வேண்டும். முதலாவது, இதற்கென்று நிலையான புள்ளிக் கட்டம் கிடையாது. அகலத்தில் 640, உயரத்தில் 480 புள்ளிகள் கொண்ட படம் வந்தாலும், 1600-க்கு 1200 புள்ளிகள் கொண்ட படம் வந்தாலும், அததற்கேற்பக் கற்றை ஓடித் திரையை நிரப்பும். இரண்டாவது, ஒளிர்பொருள் ஒரு கணம் மின்னி உடனே மங்கிவிடும். ஆகவே, விரைந்து ஓடும் உருவத்தைக் கண் பின்தொடரும்போது படம் இழுபடாமல் தெளிவாகத் தெரியும்.

அட்டை வளர்ந்த வரலாறு

1981-இல் ஐபிஎம் நிறுவனம் தனிநபர் கணினியை வெளியிட்டபோது, அதனோடு வந்த வண்ண அட்டை 320-க்கு 200 புள்ளிகளை 4 நிறங்களில் காட்டியது. 1987-இல் வந்த விஜிஏ முறை 640-க்கு 480 புள்ளிகளை 16 நிறங்களில் காட்டியது. இவ்வட்டைகள் நினைவகத்தில் இருந்த படத்தைத் திரைக்கு அனுப்பினவேயன்றி, படத்தைத் தாமே கணித்து வரையவில்லை.

அந்நிலை 1990-களின் நடுவே மாறியது. அம்மாற்றத்தில் சிங்கப்பூருக்கும் பங்குண்டு. 1981-இல் சிம் வோங் ஹூ சைனாடவுனில் இருந்த பியர்ல்ஸ் சென்டரில் சிறு கடையாகத் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம், 1989-இல் சவுண்ட் பிளாஸ்டர் என்னும் ஒலி அட்டையால் உலகப் புகழ் எய்தியது. 1992-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இடம்பெற்றது. அந்நிறுவனம் 1995-இல் த்ரீ-டி பிளாஸ்டர் என்னும் முப்பரிமாண வரைகலை அட்டையை வெளியிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்க நிறுவனமான த்ரீ-டி-எஃப்எக்ஸ் தன் ஊடூ சில்லால் இத்துறையில் முன்னணிக்கு வந்தது. 1999-இல் என்விடியா நிறுவனம் ஜீஃபோர்ஸ் 256-ஐ வெளியிட்டது. கிரியேட்டிவ் நிறுவனம் இச்சில்லுகளை வாங்கித் தன் பெயரில் அட்டைகள் செய்து விற்றது. நாளடைவில் அத்துறையை விட்டு விலகியது. ஆக, ஒரு காலத்தில் ஜூரோங்கைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் அட்டையும் துவாஸ் குழாயும் ஒரே தீவின் மேற்குப் பகுதிக்கு உரியனவாக இருந்தன.

அக்காலத்து விளையாட்டாளருக்கு ஒரு வசதி இருந்தது. அட்டை வலுவிழந்து, புதிய விளையாட்டு தடுமாறினால், புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வார். படக்குழாய் அதனை மனமுவந்து ஏற்கும். படம் சற்றே மென்மையாகுமேயன்றிக் கலங்காது. அட்டையின் ஏழ்மையைக் குழாய் மறைத்துக் காத்தது எனலாம்.

2008-ஆம் ஆண்டு மாற்றம்

படக்குழாய்க்குக் குறைகளும் இருந்தன. அது பருத்தது, பளுவானது. சோனியின் 24 அங்குலக் கணினித் திரை ஒன்றின் எடை ஏறத்தாழ 42 கிலோ. கண்ணாடியில் ஈயம் கலந்திருந்தது. வீதத்தை 60-இல் வைத்தால் துடிப்பு கண்ணை உறுத்தியது. இக்குறைகள் அற்ற திரவப் படிகத் தட்டைத் திரை வந்ததும் மக்கள் அதன்பால் சென்றனர். 2007-ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டில், உலகத் தொலைக்காட்சி விற்பனையில் தட்டைத் திரை முதன்முறையாகப் படக்குழாயை விஞ்சியது. 2008 மார்ச் இறுதியோடு சிங்கப்பூரில் டிரினிட்ரான் உற்பத்தி முடிவுற்றது. உலகெங்கும் 28 கோடிக்கும் மேற்பட்ட குழாய்களாகப் பெருகிய ஒரு மரபின் கடைசிக் கண்ணி இங்கேதான் அறுந்தது.

இம்மாற்றத்தால் மேசை அகன்றது, மின்செலவு குறைந்தது. அதே வேளையில், முன்னர்க் கூறிய இரு பண்புகளும் மறைந்தன. தட்டைத் திரையின் புள்ளிகள் நிலையானவை. அவற்றுக்குக் குறைவான புள்ளிகளைக் கொடுத்தால் படம் கலங்குகிறது. மேலும், அது ஒவ்வொரு படத்தையும் அடுத்தது வரும்வரை ஏந்தி நிற்கிறது. 60 வீதத்தில் இது நொடியில் 60-இல் ஒரு பங்கு. நகரும் உருவத்தைக் கண் பின்தொடர, நிற்கும் படமோ இழுபடுகிறது. புதியது வந்தபோது பழையதைவிட எல்லா வகையிலும் மேம்பட்டதாக வரவில்லை என்பதற்கு இது சான்று.

இவற்றுள் நம் வினாவுக்கு இன்றியமையாதது முதல் இழப்பே. திரையில் எத்தனை புள்ளிகள் உண்டோ, அத்தனையையும் அட்டை நிரப்பியாக வேண்டும் என்ற நிலை வந்தது. அன்றுமுதல் திரையே அட்டையை ஆளத் தொடங்கியது.

இழந்ததை மீட்ட முயற்சி

அதன்பின் வந்த புதுமைகள் பலவும் இழந்தவற்றை மீட்கும் முயற்சிகளே. 2009-இல் 120 வீதத் தட்டைத் திரைகளும், 2012-இல் 144 வீதத் திரைகளும் விளையாட்டாளரை எட்டின. படம் ஏந்தப்படும் நேரம் குறைந்ததால் இழுபடுதலும் குறைந்தது. 2018-இல் என்விடியா டிஎல்எஸ்எஸ் முறையையும், 2021-இல் ஏஎம்டி எஃப்எஸ்ஆர் முறையையும் கொண்டுவந்தன. குறைந்த புள்ளிகளை வரைந்து, கணிப்பினால் திரை முழுவதையும் நிரப்புவன இவை. படக்குழாய் இயல்பாகவே காட்டிய பெருந்தன்மையை இன்று கணக்கிட்டுப் பெறுகிறோம்! 2022 முதல் விளையாட்டுத் திரைகளாகப் பரவிவரும் ஓலெட் வகையில், படக்குழாயில் போன்றே ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. அசையாத படம் நெடுநேரம் நின்றால் வடு பதியும் பழைய குறையும் அதனோடு சேர்ந்தே வந்துள்ளது.

ஒன்று மட்டும் முற்றிலும் புதியது. 2013-இல் அறிவிக்கப்பட்ட ஜி-சிங்க் முறையும், அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்ட ஃப்ரீசிங்க் முறையும், அட்டை படத்தை முடிக்கும்வரை திரையைக் காத்திருக்கச் செய்கின்றன. மங்கிவிடும் ஒளியைக் கொண்ட படக்குழாயால் இவ்வாறு காத்திருக்க இயலாது. ஏந்தி நிற்பது ஒருபுறம் குறையாயினும், மறுபுறம் அதுவே நலமாயிற்று.

வாங்குவோர் செய்யத்தக்கது

இவ்வரலாற்றிலிருந்து பெறும் முறை எளிது. முதலில் கண்ணையும் மேசையையும் அளந்து திரையைத் தேர்க. பின்னர் அத்திரை கேட்கும் வேலையைக் கணக்கிட்டு அட்டையைத் தேர்க.

கணக்கு இதுதான். 1920-க்கு 1080 அளவுத் திரையில் 20,73,600 புள்ளிகள். 2560-க்கு 1440-இல் 36,86,400. 3840-க்கு 2160-இல் 82,94,400. கடைசியில் கூறியது பழைய விஜிஏ படத்தைப்போல் சரியாக 27 மடங்கு. இவற்றை வீதத்தால் பெருக்குக. 144 வீதத்தில் முதல் திரைக்கு நொடிக்கு ஏறத்தாழ 29.9 கோடிப் புள்ளிகள், இரண்டாவதற்கு 53.1 கோடி, மூன்றாவதற்கு 119.4 கோடி. மூன்றாம் திரையையே 60 வீதத்தில் இயக்கினால் 49.8 கோடி போதும். அளவு பெரிதென்றோ சிறிதென்றோ மட்டும் பார்த்தல் போதாது என்பது இதனால் விளங்கும்.

விரைந்து சுடும் விளையாட்டை விரும்புவோர் வீதத்தை நாடுக. காட்சியழகை விரும்புவோர் புள்ளிகளை நாடுக. வழக்கமான மேசைக்கு 24 அங்குலத்தில் முதல் அளவும், 27 அங்குலத்தில் இரண்டாம் அளவும் பொருந்தும். இரண்டாம் அளவுக்கும் அதற்கு மேலும் புதிய விளையாட்டுகளை ஆடுவோர், அட்டையின் நினைவகம் 12 முதல் 16 கிகாபைட் இருக்குமாறு பார்ப்பது நன்று.

மின்வழங்கியையும் மறத்தலாகாது. 1999-இன் ஜீஃபோர்ஸ் 256 தனி மின்கம்பி வேண்டாதது. 2022-இன் ஆர்டிஎக்ஸ் 4090-க்கோ 450 வாட் வேண்டும். இணைப்புக் கம்பியும் அவ்வாறே. எச்டிஎம்ஐ 2.0 வாய் மட்டுமே இருந்தால், மூன்றாம் அளவுத் திரையில் 60 வீதத்திற்கு மேல் முழு வண்ணம் பெறுதல் அரிது, 120-க்கு 2.1 வேண்டும்.

பழைய திரையைப் பற்றியும் ஒரு சொல். சிங்கப்பூரில் 2021 ஜூலை முதல் மின்னணுக் கழிவுத் திட்டம் நடைமுறையில் உள்ளது. கணினித் திரைகளும் அதனுள் அடங்கும். புதியதை வீட்டுக்குக் கொணர்ந்து தரும் கடைக்காரர், கேட்டால் அதே வகைப் பழையதை இலவசமாக எடுத்துச் செல்லக் கடமைப்பட்டவர். குப்பைத் தொட்டியில் அதனை எறிதல் தகாது.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பது நம் முன்னோர் மொழி. ஆயிரக்கணக்கான வெள்ளி கொடுத்துப் பெற்ற அட்டையைப் பழைய 60 வீதத் திரையோடு பிணைப்பவர், தாம் வாங்கியதில் பெரும்பகுதியைக் கண்ணாற் காணாமலே போகிறார். சிறிய அட்டையோடு பெருந்திரையைப் பிணைப்பவரோ, ஒவ்வொரு விளையாட்டிலும் தடுமாறுகிறார். இருவருக்கும் நட்டம் ஒன்றே.

துவாஸில் உழைத்தோர் செய்த குழாய்கள் தம் காலத்தில் மிகச் சிறந்தவை. அவற்றை வென்ற கருவி அவற்றின் சிறப்புகளை மெல்லமெல்லக் கற்றுக்கொள்ளப் பல்லாண்டுகள் ஆயின. ஆகவே, 'புதியது எது?' என்று கேட்டுக் கடைக்குச் செல்லும் இளைஞர், 'என் கண்ணுக்கு வேண்டியது எது?' என்று கேட்கப் பழகுதல் வேண்டும். கண்ணுக்கேற்ற திரை, திரைக்கேற்ற அட்டை: இவ்வரிசை பிறழாதிருந்தால் பணமும் வீணாகாது; விளையாட்டும் இனிக்கும்.