சாத்தான் முட்டைக்குப் பச்சை எங்கிருந்து வந்தது?

இன்னிக்கு எபிசோட் வேகவச்ச முட்டையைப் பத்தினது. அதுவும் பச்சைக் கலர் முட்டை.

மார்ச் 17, செயின்ட் பேட்ரிக்ஸ் டே. அன்னிக்கு அமெரிக்காவுல நிறைய வீட்டுப் பார்ட்டிகள்ல ‘டெவில்ட் எக்ஸ்’ தட்டு ஒண்ணு இருக்கும். முட்டையை வேகவச்சு ரெண்டா வெட்டி, மஞ்சள் கருவை எடுத்து, மயோனைஸும் கடுகு விழுதும் போட்டுப் பிசைஞ்சு, திரும்ப அதே குழியில வைக்கிறதுதான் டிஷ். பண்டிகைக்காக அதைப் பச்சையாக்குவாங்க. சிலர் அவகாடோ சேர்ப்பாங்க. சிலர் இலைகளை அரைச்சு ஊத்துவாங்க. சிலர் ஃபுட் கலர் பாட்டிலைத் திறந்து நாலு சொட்டு விடுவாங்க.

பார்த்தா இன்ஸ்டாகிராம் காலத்து ஐடியா மாதிரி இருக்கும். ஆனா இந்த முட்டையோட பச்சைக்கு எழுநூறு வருஷத்துக்கு மேல வயசாகுது. புதுசு அந்தக் கலர் பாட்டில் மட்டும்தான். அந்த பாட்டில் நம்ம கைக்கு வந்த கதையில கொஞ்சம் விஷமும் இருக்கு.

நூலால வெட்டின முட்டை

முதல்ல ரோம். பணக்கார ரோமானியர்களோட விருந்து முட்டையில தொடங்கிப் பழத்துல முடியும். அபிசியஸ் பேர்ல வர்ற சமையல் தொகுப்புல, வேகவச்ச முட்டைக்கு மிளகு, ஊறவச்ச பைன் கொட்டை, தேன், வினிகர், மீன் சாறு கலந்த ஒரு சாஸ் இருக்கு. ஆனா மசாலா முட்டைக்கு மேலதான். உள்ள அடைக்கல.

உள்ள அடைக்கிற முட்டையை 13ஆம் நூற்றாண்டுல பார்க்கலாம். முஸ்லிம் அரசர்கள் ஆண்ட அல்-அந்தலுஸ், அதாவது இன்னிக்கு ஸ்பெயின் இருக்கிற பகுதி. அங்க அரபு மொழியில எழுதின, ஆசிரியர் பேர் தெரியாத சமையல் புத்தகம் ஒண்ணு உண்டு. அதுல வர்ற செய்முறை இது: முட்டையை வேகவச்சு, குளிர்ந்த தண்ணியில போட்டு, நூலால ரெண்டா வெட்டணும். கொத்தமல்லி இலையை இடிச்சு, வெங்காயச் சாறு, மிளகு, தனியா சேர்க்கணும். அதோட ‘முர்ரி’ங்கிற புளிக்கவச்ச சாஸ், எண்ணெய், உப்பு கலந்து மஞ்சள் கருவைப் பிசையணும். உள்ள அடைச்சு, ரெண்டு பாதியையும் சேர்த்துக் குச்சி குத்தி, மேல மிளகு தூவணும்.

கொத்தமல்லி, மிளகு, தனியா, வெங்காயம். மளிகை லிஸ்ட் நம்ம வீட்டுது மாதிரியே இருக்குல்ல? இவ்வளவு கொத்தமல்லி போட்டா அந்தக் கரு வெறும் மஞ்சளா இருந்திருக்காது. யாரும் பண்டிகைக்காகக் கலர் பண்ணல. ருசிக்காக இலை போட்டாங்க, கலர் கூடவே வந்துச்சு.

சாத்தான் எப்போ வந்தான்?

‘டெவில்’ங்கிற வார்த்தை 18ஆம் நூற்றாண்டோட கடைசியில பிரிட்டன் சமையல்ல வருது. கடுகு, மிளகாய்த்தூள் எல்லாம் போட்டு நாக்கு எரியுற மாதிரி சமைச்சா அது டெவில். நரகத்துச் சூடுன்னு ஒரு கிண்டல். பிரிட்டிஷ்காரங்க போன இடமெல்லாம் அந்த வார்த்தையும் போச்சு. இலங்கையில ‘டெவில்ட் சிக்கன்’ சாப்பிட்டிருக்கீங்களா? கொல்கத்தாவுல ‘டிமேர் டெவில்’? ரெண்டும் இந்தக் குடும்பம்தான்.

அமெரிக்காவுக்குப் போனதும் முட்டையோட காரம் குறைஞ்சுபோச்சு. 1896ல ஃபேனி ஃபார்மர் தன்னோட பாஸ்டன் சமையல் பள்ளிப் புத்தகத்துல மஞ்சள் கருவை மயோனைஸ்ல பிசையச் சொன்னார். டீஸ்பூனைத் தலைதட்டி அளக்கணும்னு அடம்பிடிச்சவர் இவர், அதனாலேயே எனக்குப் பிடிக்கும். 1912ல ரிச்சர்ட் ஹெல்மன் நியூயார்க்ல மயோனைஸை ஜாடியில அடைச்சு விக்க ஆரம்பிச்சதும் வேலை இன்னும் சுலபமாச்சு. சர்ச் பிக்னிக் வரைக்கும் போன இந்த டிஷ்ஷுக்கு அங்க ஒரே சிக்கல், பேருதான். சாத்தான் பேரைச் சொல்ல மனசு வராதவங்க ‘ஸ்டஃப்ட் எக்ஸ்’, ‘டிரெஸ்ட் எக்ஸ்’னு மாத்திக்கிட்டாங்க.

பச்சைக்காகச் செத்தவங்க

இப்போ அந்த பாட்டில் கதை. இலைப் பச்சையில ஒரு பிரச்னை, சூடு பட்டாலோ வினிகர்ல ஊறினாலோ மங்கிடும். அதனால 18, 19ஆம் நூற்றாண்டு பிரிட்டன்ல ஊறுகாய் பளிச்சுன்னு இருக்கணும்னு செப்புப் பாத்திரத்துல ஊறவச்சாங்க. செப்புக் காசைப் போட்டுக் கொதிக்க வைக்கச் சொன்ன சமையல் புத்தகங்கள்கூட இருந்துச்சு. 1820ல ஃப்ரெடரிக் ஆக்கம்ங்கிற வேதியியலாளர், கலப்படத்தைப் பத்தின தன் புத்தகத்துல இதை அம்பலப்படுத்தினார். மாட்டிக்கிட்ட வியாபாரிகளோட பேரையும் போட்டே எழுதினார்.

இதைவிட மோசம், 1775ல கார்ல் வில்ஹெல்ம் ஷீலே உருவாக்கின பச்சை. அது செம்பும் ஆர்சனிக்கும் சேர்ந்தது. சுவர்க் காகிதத்துக்கும் துணிக்கும் போன ஆர்சனிக் பச்சை, மிட்டாய்க்கும் போச்சு. பளிச்சுன்னு இருந்தா பிள்ளைங்க வாங்கும், அதுதான் கணக்கு.

அமெரிக்காவுல 1906ல உணவுச் சட்டம் வந்துச்சு. அடுத்த வருஷம், உணவுல போடலாம்னு ஏழே ஏழு செயற்கைச் சாயங்களைப் பட்டியல் போட்டாங்க. அதுல பச்சை ஒண்ணே ஒண்ணு. சாஃப்ட்வேர் பாஷையில சொன்னா, ‘எல்லாம் ஓகே, பிரச்னை வந்தா தடை’ங்கிற சிஸ்டம், ‘பட்டியல்ல இருந்தா மட்டும் ஓகே’ங்கிற சிஸ்டத்தை நோக்கி நகர ஆரம்பிச்சது அப்போதான்.

ஏன் பச்சை?

அயர்லாந்துக்கே முதல்ல பச்சை நிறம் கிடையாது. 1783ல பிரிட்டிஷ் மன்னர் உருவாக்கின செயின்ட் பேட்ரிக் வீரர் குழுவோட நிறம் நீலம். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து 1798ல கிளர்ச்சி பண்ணின ‘யுனைடெட் ஐரிஷ்மென்’ எடுத்துக்கிட்டதுதான் பச்சை. 1845ல தொடங்கின உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி லட்சக்கணக்கான பேர் அமெரிக்கா போனப்போ அந்தப் பச்சையும் கூடவே போச்சு. அரசியல் நிறமா இருந்தது, ஊரை விட்டு வந்தவங்களோட அடையாளமா ஆச்சு.

1962ல சிகாகோவுல ஆத்தையே பச்சையாக்கினாங்க. யாரோட ஐடியா தெரியுமா? பிளம்பர்களோட சங்கம்! ஆத்துல எந்தக் கட்டடத்துக் கழிவு கலக்குதுன்னு கண்டுபிடிக்கப் பயன்படுத்தின சாயத்தையே கொட்டினாங்க. முதல் வருஷம் 100 பவுண்டு, அதாவது 45 கிலோ. ஒரு வாரம் ஆறு பச்சையாவே ஓடுச்சு. ஆறே பச்சையாகும்போது முட்டை மட்டும் தப்பிக்குமா?

நீங்க செய்யணும்னா

முட்டையில நமக்கு வேண்டாத ஒரு பச்சையும் இருக்கு. அளவுக்கு மேல வேகவச்சா மஞ்சள் கருவைச் சுத்தி ஒரு சாம்பல்-பச்சை வளையம் வரும். வெள்ளைக் கருவுல இருக்கிற கந்தகமும் மஞ்சள் கருவுல இருக்கிற இரும்பும் சேர்றதால வர்றது. ஆபத்தில்ல, பார்க்கத்தான் நல்லா இருக்காது. கொதிக்கிற தண்ணியில 11 நிமிஷம், உடனே ஐஸ் தண்ணி. வளையம் வராது.

ஆறு முட்டைக்கு ஒரு கைப்பிடி கொத்தமல்லி, ஒரு பச்சை மிளகாய், பாதி எலுமிச்சை, ரெண்டு டேபிள்ஸ்பூன் மயோனைஸ், உப்பு, மிளகு. தண்ணி விடாம அரைச்சு மஞ்சள் கருவோட பிசைஞ்சு வையுங்க. கலர் பாட்டிலளவுக்குப் பளிச்சுன்னு இருக்காது, நேரமாக ஆக மங்கும். அதனால பரிமாறுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி செய்ங்க.

பாட்டில் விடுறவங்களைக் குறை சொல்ல வரல. இந்தியாவுலயும் அனுமதிச்ச பச்சைச் சாயம் உண்டு, அதுக்கு அளவும் உண்டு. லேபிளைப் படிச்சுட்டு வாங்குங்க. அந்தக் குட்டி எழுத்து அங்க வர்றதுக்கு முன்னாடி, பளிச்சுன்னு இருந்ததை நம்பிச் சாப்பிட்டு நிறைய பேர் செத்திருக்காங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.