அடிமையின் கையெழுத்தில் ஸூரத்துல் முல்க்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



உறங்கச் செல்லுமுன் ஸூரத்துல் முல்க் ஓதும் வழக்கம் நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு. அமெரிக்காவில் அடிமையாக வாழ்ந்த ஒருவர் அதே ஸூராவைத் தம் கையால் எழுதிவைத்த ஏடு, இன்று வாஷிங்டனிலுள்ள காங்கிரஸ் நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அவர் பெயர் உமர் இப்னு ஸயீத்.

அவர் 1770ஐ ஒட்டி, இன்றைய செனகல் நாட்டிலுள்ள ஃபூத்தா தோரோ பகுதியில் பிறந்தார். 25 ஆண்டுகள் மார்க்கக் கல்வி பயின்றார். 1807இல் அவருடைய ஊரைத் தாக்கிய படையினர் அவரைப் பிடித்து விற்றனர். சார்லஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்ட அவர், கொடிய எசமானனிடமிருந்து தப்பி ஓடி, வட கரோலினாவில் பிடிபட்டுச் சிறைப்பட்டார். பின்னர் ஓவன் குடும்பத்தாரின் உடைமையானார்.

1831இல், தம் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு கேட்ட ‘ஷைகு ஹன்ட்டர்’ என்பவரை விளித்து, கடித வடிவில் 15 பக்கங்களை அரபியில் எழுதினார். பிஸ்மில்லாஹ், நபி (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்து, அதன்பின் நினைவிலிருந்து ஸூரத்துல் முல்க். பிறகே தம் கதைக்கு வருகிறார். மொழி மறந்துபோனதால் பிழை பொறுக்குமாறும் வேண்டுகிறார்.

இந்த ஸூராவைத் தேர்ந்த காரணத்தை அவர் கூறவில்லை. ஆயினும், ‘முல்க்’ என்றால் ஆட்சி, உடைமை. மனிதர்கள் தம் உடைமை என விலைபேசிய ஒருவர், அனைத்தும் எவன் கையில் உள்ளது என்பதை முதலில் எழுதிவிட்டே தம் கதையைத் தொடங்குகிறார். அரபி அறிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அவர் ஞானஸ்நானம் பெற்றார். கிறிஸ்தவராகவே அக்காலத்தவர் அவரைப் போற்றினர். ஆனால் 1857இல் அவர் எழுதிய மற்றொரு தாளின் பின்புறத்தில், அது கிறிஸ்தவர்கள் ஓதும் ‘கர்த்தரின் ஜெபம்’ என்று வேறொருவர் ஆங்கிலத்தில் குறித்துவைத்தார். உள்ளே இருப்பதோ ஸூரத்துந் நஸ்ர்! எழுதியவரையும் எழுத்தையும் அறியாமலே அதற்குப் பெயர் சூட்டிவிட்டார்கள்.

அவருடைய உள்ளத்தில் இருந்தது என்ன? தீர்ப்பளிப்பது நம் பணியன்று. பேச்சை மறைத்தாலும் வெளிப்படுத்தினாலும் நெஞ்சங்களில் உள்ளதை அல்லாஹ் அறிவான் என்பதும் அதே ஸூராவின் செய்திதானே.

1865இல் அமெரிக்காவில் அடிமைமுறை ஒழியுமுன்பே, விடுதலை காணாமல் அவர் மறைந்தார். அந்த ஏடும் பல பத்தாண்டுகள் காணாமற்போய், 1990களில் மீண்டும் வெளிப்பட்டது. 2017இல் காங்கிரஸ் நூலகம் அதை வாங்கியது. 2019 முதல் இணையத்தில் எவரும் பார்க்கலாம்.

பெற்றோரே, அப்பக்கங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இளமையில் ஓதியது முதுமைவரை நிற்குமா என்று கேட்போருக்கு அவையே விடை. ஊரும் உறவும் பெயரும் பறிக்கப்பட்ட பின்னும், மத்ரஸாவில் மனனமிட்டதை எவராலும் அவரிடமிருந்து பறிக்க முடியவில்லை.

இன்றிரவு ஸூரத்துல் முல்க் ஓதும்போது அவரையும் நினைவுகூர்வோம். குர்ஆனை நம் பிள்ளைகளின் நெஞ்சங்களில் அல்லாஹ் நிலைபெறச் செய்வானாக. ஆமீன்.