மைசூர் கேட்ட ஒலி: ஸ்பீக்கர் விளிம்பு சொல்லும் வரலாறு

'ஆகாசவாணி' என்ற பெயர் முதலில் ஒலித்தது நம் மைசூரில்தான் என்பதைச் சங்கத்து அன்பர்கள் பலரும் அறிவார்கள். மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த டாக்டர் எம்.வி. கோபாலசாமி அவர்கள், 1935 செப்டம்பர் 10 அன்று, ஒண்டிகொப்பல் 'விட்டல் விஹார்' என்னும் தம் சொந்த வீட்டிலிருந்தே ஒலிபரப்பைத் தொடங்கினார். டிரான்ஸ்மிட்டரின் சக்தி 30 வாட். இன்று படுக்கையறையில் சுற்றுகிற ஃபேன் அதைவிட அதிக மின்சாரம் சாப்பிடும்! 1942-இல் சமஸ்தான அரசு அந்த நிலையத்தை ஏற்றது. 1955-இல் நிலையம் பெங்களூருக்குப் போய்விட்டது. மைசூருக்கு மறுபடி வானொலி நிலையம் வந்தது 1974-இல். 2023-இல் பிரசார் பாரதி 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயரைக் கைவிட்டு, மைசூர்ப் பெயரையே நாடு முழுவதற்கும் ஒரே பெயராக வைத்துக்கொண்டது.

இவ்வளவும் பேசியவர்கள் பக்கத்து வரலாறு. அந்த ஒலியைக் கேட்டவர்கள் எதில் கேட்டார்கள்? அந்தப் பெட்டிகள் எங்கே போயின? இதைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. நான் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து மைசூரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நயினார். ஆனாலும் பழைய ஸ்பீக்கர்கள் சேர்ப்பதில் முப்பது வருடமாக ஒரு பைத்தியம். அந்த அனுபவத்தைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

ஸ்பீக்கர் என்பது என்ன? ஒரு காந்தம், அதன் மெல்லிய இடைவெளிக்குள் செப்புக்கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. சுருள் முன்னும் பின்னும் ஆடும், கூம்பு காற்றைத் தள்ளும். ஆனால் சுருள் பக்கவாட்டில் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் காந்தத்தில் உரசிக் கரகரவென்று கத்தும். அதனால் கூம்பை இரண்டு இடத்தில் பிடித்து நிறுத்த வேண்டும். வெளிவட்டத்தில் பிடிப்பதை நம் மெக்கானிக்குகள் சரவுண்ட் என்பார்கள்; நான் விளிம்பு என்கிறேன். உள்ளே, சுருளுக்கு அருகில் பிடிப்பது ஸ்பைடர். ஆடவும் விட வேண்டும், அசையாமலும் பிடிக்க வேண்டும். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு மாதிரி.

ஸ்பைடர் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இன்றைய ஸ்பைடர் அலையலையாக மடிந்த துணி வட்டம். பார்த்தால் அப்பளம் ஞாபகம் வருமே ஒழிய சிலந்தி ஞாபகம் வராது. ஆனால் 1920, 30-களின் ஸ்பீக்கரைத் திறந்து பாருங்கள். பேக்கலைட் தகட்டில் கால் காலாக வெட்டிய ஒரு துண்டு கூம்பின் நடுவில் உட்கார்ந்திருக்கும். அசல் சிலந்தியேதான். கால்கள் போய் எண்பது வருடம் ஆகியும் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

காந்தமும் சுருளும் பழைய யோசனை. ஜெர்மனியின் சீமன்ஸ் 1874-லும், இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ் 1898-லும் அதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். 1915-இல் கலிஃபோர்னியாவில் ஜென்சன், பிரிதாம் என்ற இருவர் அதைப் பெருங்கூட்டத்துக்குக் கேட்கும்படி செய்து காட்டினார்கள். 1925-இல் ஜெனரல் எலக்ட்ரிக்கின் ரைஸ், கெல்லாக் எழுதிய கட்டுரைதான் இன்றைய ஸ்பீக்கருக்கு ஜாதகம். கூம்பின் விளிம்பை இறுக்காமல் மிருதுவாக விட வேண்டும் என்பது அவர்கள் கண்ட முக்கியமான விஷயம். அதன் பிறகு விளிம்புக்கு என்னென்னவோ போட்டுப் பார்த்தார்கள்: மென்தோல், எண்ணெய் ஏற்றிய பட்டு, மெழுகிய துணி, கூம்புக் காகிதத்தையே மடித்த மடிப்பு.

நம் பக்கத்தில் பொதுமக்கள் ஸ்பீக்கரில் வானொலி கேட்டது சென்னையில்தான் முந்தி. 1930-இல் மாநகராட்சி ஒலிபரப்பு தொடங்கியபோது மெரினா முதலான இடங்களில் ஒலிபெருக்கி வைத்தார்கள். மைசூர் விஷயம் வேறு. இங்கே வானொலி வீட்டுக்குள் வந்தது. சிவசமுத்திரம் மின்சாரம் 1908-லேயே ஊருக்குள் வந்துவிட்டதால், மின்சாரத்தில் ஓடும் பெரிய ரேடியோ வைக்க வசதியானவர்களுக்குத் தடையில்லை.

அப்படி வைத்தவர்களில் தலையானவர் மகாராஜா ஜயசாமராஜ உடையார் (1919–1974). ரஷ்ய இசைமேதை மெட்னரின் இசையைத் தட்டுகளில் பதிவு செய்யப் பணம் கொடுத்தவர் இவர். மெட்னர் தம் மூன்றாவது பியானோ கான்சர்ட்டோவை இவருக்கே காணிக்கையாக்கினார். லண்டன் பில்ஹார்மோனியா இசைக்குழுவைத் தொடங்கிய வால்டர் லெக், மைசூருக்கு வந்து அரண்மனையில் கண்டதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பெரிய இசைத்தட்டு நூலகம், பியானோக்கள், இவற்றோடு விதவிதமான ஒலிபெருக்கிகள்! 'விதவிதமான' என்ற இடத்தில்தான் என் கண் நின்றது. இசையை மட்டும் விரும்புகிறவர் ஒரு நல்ல ஸ்பீக்கரோடு நிறுத்திக்கொள்வார். பலவற்றை வைத்திருப்பவர் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுக் கேட்கிறவர். ஆக, இந்தப் பைத்தியத்துக்கு மைசூரில் அரச பரம்பரையே உண்டு என்று நான் வீட்டில் சொல்லிக்கொள்வது வழக்கம்.

1940-களின் ஸ்பீக்கர்களுக்குத் துணி விளிம்பு, காகித விளிம்பு. நன்றாக வைத்திருந்தால் இன்றும் பாடும். அவை அழிந்ததற்குக் காரணம் விளிம்பு இல்லை, செம்பு. அக்காலத்தில் நிலைக்காந்தங்களுக்குப் போதிய வலு கிடையாது. 1931-இல் ஜப்பானியரான மிஷிமா கண்ட உருக்கிலிருந்துதான் அல்நிக்கோ வகைக் காந்தம் வளர்ந்தது. அது பரவும்வரை காந்தத்துக்குப் பதில் பெரிய செப்புச் சுருளில் மின்சாரம் ஓட்டினார்கள். இதற்கு ஃபீல்டு காயில் என்று பெயர். ரேடியோ பழுதானால் குஜரிக்காரர் (நம் ஊரில் காயலான் கடைக்காரர்) கூம்பைக் கிழித்து எறிந்துவிட்டு செம்பை நிறுத்து விற்பார். பழைய செம்பு கொடுத்துப் புதுப் பாத்திரம் வாங்குவது எங்கள் வியாபாரத்தில் சகஜம். அப்படித்தான் இந்தச் சுருள்கள் என் தராசுக்கு வந்தன. "கூம்போட கொண்டு வாங்க, செம்பு விலைக்கு மேல தர்றேன்" என்று சொல்லி வைத்தேன். என் சேகரிப்பு தொடங்கியது இப்படி.

அடுத்த தலைமுறையின் கதை தலைகீழ். 1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர், மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தினார். சின்னப் பெட்டியிலும் ஆழமான தாழ்சுரம் கிடைத்தது. ஆனால் அதற்கு விளிம்பு மிகமிகத் தளர்வாக இருக்க வேண்டும். பின்னாளில் அதற்கு வாகாக வந்ததுதான் பாலியூரித்தேன் நுரை, அதாவது ஃபோம். 1970-களிலிருந்து உலகமெங்கும் ஃபோம் மயம். காற்றிலுள்ள ஈரம் அதன் பிணைப்புகளை மெல்ல அறுக்கும், நீராற்பகுப்பு என்பார்கள். பதினைந்து இருபது வருடத்தில், தொட்டால் கோதுமை ரவை மாதிரி உதிரும். மைசூர் ஆடி மாத ஈரத்தில் கேட்கவே வேண்டாம். 1935-ஐச் சேர்ந்த துணி விளிம்பு என் அலமாரியில் கெட்டியாக இருக்கிறது; 1985-ஐச் சேர்ந்த ஃபோம் தூளாகிவிட்டது. ரப்பர் விளிம்பு இரண்டுக்கும் நடுவே, தாராளமாக உழைக்கும்.

இனி ஒரு சங்கடம். என்னிடம் தோல் விளிம்பு வைத்த பழைய ஸ்பீக்கர் இரண்டு உண்டு. நான் சமணன், தோல் செருப்பும் போடாதவன். வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டார். கடை மாடியில் தனியாக வைத்திருக்கிறேன். தூக்கிப் போடச் சொன்னவர்களும் உண்டு. போட்டால் அந்த ஆடு திரும்பி வராது, சாட்சி மட்டும் போய்விடும் என்பது என் கட்சி. ஆனால் பழுது பார்க்கையில் புதுத் தோல் வாங்கமாட்டேன், துணிதான் போடுவேன். பூச்சிமருந்தும் கிடையாது. ராமபாணப் பூச்சிக்கு வசம்பும் வேப்பிலையும் போதும். ஏட்டுச்சுவடிக்கு நம் முன்னோர் செய்ததுதானே.

சுவடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். தேவராஜ மார்க்கெட் அருகே கூம்பு ஒட்டும் பாய் ஒருவர், "சேட்டு மாதிரி பணம் வெச்சிக்கிட்டு ஏன் கிழிஞ்சத வெச்சிருக்கீங்க? எல்லாத்துக்கும் ஃபோம் போட்டுட்டா புதுசாயிடும்" என்பார். புதுசாகும், ஆனால் அது அந்த ஸ்பீக்கராக இருக்காது. துணியின் விறைப்புக்கு ஏற்பத்தான் கூம்பின் சுரம் அமையும். துணியை எடுத்து ஃபோம் போட்டால் தாழ்சுரம் கூடும், 1935-இன் குரல் போய்விடும். ஏடு சிதைந்த இடத்தில் நல்ல பதிப்பாசிரியர் தம் சொந்தப் பாட்டை எழுதமாட்டார், புள்ளி வைத்து விட்டுவிடுவார். நானும் அப்படியே. மாற்றினால், எதை எந்த வருடம் மாற்றினேன் என்று காந்தத்தின் பின்னால் சீட்டு ஒட்டுகிறேன். எடுத்த பழைய விளிம்பை உறையிலிட்டு அதனுடனேயே கட்டிவிடுகிறேன்.

சங்கத்துக் குடும்பங்களில் 1955-க்கு முந்திய ரேடியோ பரணில் கிடந்தால் ஒரு வேண்டுகோள். முதலில் பிளக்கில் சொருகிப் பார்க்காதீர்கள். உள்ளிருக்கும் பழைய கண்டென்சர் வெடித்து ஃபீல்டு காயிலையும் எரித்துவிடும். பின்பலகையைக் கழற்றி, விளிம்பு துணியா, காகிதமா, தோலா என்று பாருங்கள். விரலால் அழுத்த வேண்டாம். யார் வாங்கியது, எந்தத் தெருவில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். ஸ்பீக்கரைத் தனியே எடுத்து வைப்பதானால் செங்குத்தாக நிறுத்துங்கள். படுக்க வைத்தால் வருடக்கணக்கில் கூம்பின் கனத்தில் ஸ்பைடர் தொய்ந்து, சுருள் உரசத் தொடங்கிவிடும்.