கல்லாகும் நீர்

சென்ற மாதம் என் இல்லத்துக் குளியலறையில் ஷவரின் துளைகள் அடைபட்டன. அதனைக் கழற்றிக் காடியில் ஊறவைத்தேன். வெண்படிவு நுரைத்துக் கரைந்தது. கடின நீரிலுள்ள சுண்ணாம்பே அவ்வாறு படிகின்றது. அவ்வேளை, நான் படித்தறிந்த ஒரு பழங்கதை நினைவிற்கு வந்தது.

கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமர்கள், இன்றைய தென் பிரான்சிலுள்ள நீம் நகருக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுள்ள நீர்க்கால்வாய் அமைத்தனர். அது கார்டோன் ஆற்றைக் கடந்த பாலம், சுமார் 49 மீட்டர் உயரத்துடன் இன்றும் நிற்கின்றது. ஆயினும் ஊற்றுநீரில் சுண்ணாம்பு மிகுதி. அது கால்வாயின் இருபுறச் சுவர்களிலும் ஏடு ஏடாகப் படிந்தது. துப்புரவு செய்யும் கைகள் இருந்தவரை நீர் தடையின்றி ஓடிற்று. பேரரசு தளர்ந்தது, கைகளும் ஓய்ந்தன. சில இடங்களில் படிவு 40 சென்டிமீட்டருக்கும் மேல் தடித்து, நீர்வழியை நெரித்தது. பின்வந்தோர் அப்படிவையே வெட்டியெடுத்துக் கோயில்கள் கட்டினர்!

வெள்ளத்திற்கு அசையாத பாலம் நின்றது. அதன்மீது ஓடிய நீரோ நின்றுபோயிற்று. கட்டுவது ஒரு தலைமுறையின் பெருமை. காப்பது எல்லாத் தலைமுறைகளின் கடமை. என் வீட்டில் அக்கடமைக்கு ஒரு கிண்ணம் காடி போதுமாயிற்று.