காணாத ஆசானை மறுத்துக் கற்றல்: அம்பேத்கரின் 1946ஆம் ஆண்டுச் சமர்ப்பணம் குறித்து

‘சூத்திரர்கள் யார்?’ நூலை அம்பேத்கர் 1946இல் ஜோதிராவ் பூலேயின் நினைவுக்குச் சமர்ப்பித்தார். அந்தச் சமர்ப்பணத்தை மரியாதைச் சடங்காக மட்டும் கொள்ளும் வாசிப்பு ஆய்வுலகில் நெடுநாளாக நிலைத்திருக்கிறது. நூலின் உள்ளடக்கம் பூலேயின் அடிப்படை முடிவை ஏற்கவில்லை. எனவே முகப்பிலுள்ள வணக்கம் பெயரளவிலானது. பிராமணரல்லாத சாதிகளைத் தம் பக்கம் ஈர்க்கும் தேவையே அதை எழுதவைத்தது என்பது அவ்வாசிப்பின் சாரம். இந்த வாதத்தின் முதல் பகுதி சரி. அதிலிருந்து எடுக்கப்படும் முடிவு தவறு என்பதே இக்கட்டுரையின் நிலை. சமர்ப்பணத்துக்கும் நூலுக்கும் இடையிலுள்ள முரண், அம்பேத்கர் பூலேயிடம் எதைக் கற்றார் என்பதற்கு நமக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று.

முரணை முதலில் அதன் முழு அளவில் ஏற்றுக்கொள்ள வேண்டும். 1873இல் வெளியான ‘குலாம்கிரி’யில் பூலே சொல்லும் வரலாறு படையெடுப்பின் வரலாறு. வெளியிலிருந்து வந்த ஆரியப் பிராமணர் பலிராஜாவின் மக்களை வென்று அடிமைப்படுத்தினர். பரசுராமன் கதை அந்தப் போரின் எச்சம். அம்பேத்கரின் நூலோ ஆரிய இனக் கோட்பாட்டையே மறுக்கிறது. சூத்திரர் ஆரியருள் ஒரு பிரிவினர், சூரிய குலத்துச் சத்திரியர்; அவர்களுடைய அரசர்களோடு ஏற்பட்ட நீண்ட பகையில் பிராமணர் உபநயனம் செய்துவைக்க மறுத்தனர்; அந்த மறுப்பே அவர்களை நான்காம் வருணமாகத் தாழ்த்தியது என்பது அவர் கட்டும் வாதம். சூத்திரர் முற்காலத்தில் சத்திரியரே என்று இருவரும் சொல்கிறார்களே என்று சிலர் இணக்கம் காண முயன்றிருக்கிறார்கள். அந்த இணக்கம் மேலோட்டமானது. பூலேயின் சத்திரியர் தோற்கடிக்கப்பட்ட மண்ணின் மக்கள். அம்பேத்கரின் சத்திரியர் ஆரியர் கூட்டத்துக்குள்ளிருந்தே தள்ளப்பட்டவர்கள். ஒருவர் விளக்கம் நின்றால் மற்றவர் விளக்கம் நிற்காது.

அப்படியானால் சமர்ப்பணம் எதற்காக நன்றி சொல்கிறது? மிகச் சுருக்கமான அவ்வாசகத்தில் பூலேயின் வரலாற்று விளக்கத்துக்கு இடமே இல்லை. இரண்டு செயல்கள் மட்டும் குறிக்கப்படுகின்றன. கீழ்த்தட்டு மக்கள் மேல்சாதியினருக்கு அடிமைப்பட்டிருப்பதை அவர்களே உணரச் செய்தது ஒன்று. அந்நிய ஆட்சியிலிருந்து விடுபடுவதைவிடச் சமூக ஜனநாயகமே இந்தியாவுக்கு இன்றியமையாதது என்று போதித்தது மற்றொன்று. முன்னது மக்களிடம் தலைவன் செய்ய வேண்டிய வேலை. பின்னது எதை முதலில் வைப்பது என்ற முடிவு. இரண்டும் தலைமைக்கு உரியவை. ஆய்வு முடிவுகளுக்காக நன்றி சொல்லாத ஒரு வாசகத்தை, ஆய்வு முடிவுகள் ஒத்துப்போகவில்லை என்று காட்டிப் பொய்யாக்க முடியாது.

‘சமூக ஜனநாயகம்’ பூலேயின் சொல்வழக்கன்று, 1940களின் அம்பேத்கருடையது; தம் கருத்தையே அவர் ஆசானின் வாயில் வைத்தார் என்பது அடுத்த எதிர்வாதம். சொல் அவருடையதே. நிலைப்பாடு அவர் படைத்ததன்று. 1882இல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் பூலே வைத்த முறையீட்டை நினைவுகொண்டால் போதும்: உழுபவன் கட்டும் வரியில் மேல்சாதிப் பிள்ளைகளின் உயர்கல்வி நடக்கிறது, உழுபவனின் பிள்ளைக்குத் தொடக்கப் பள்ளிகூட இல்லை. காங்கிரசை அவர் ஐயத்தோடு பார்த்ததற்கும் இதுவே காரணம். அம்பேத்கர் இதற்கு 1946இன் மொழியைக் கொடுத்தார். அந்த ஆண்டு மாகாணத் தேர்தலில் அவருடைய கட்சி ஏறத்தாழத் துடைத்தெறியப்பட்டிருந்தது. அமைச்சரவைத் தூதுக்குழு பட்டியல் சாதியினரின் கோரிக்கைகளை ஒதுக்கிவிட்டது. விடுதலை வாசலுக்கு வந்துவிட்ட வேளையில், அது மட்டும் போதாது என்று சொல்லும் தலைவன் தேசத் துரோகி என்ற பழியைச் சுமந்தாக வேண்டும். அந்தப் பழியைச் சுமந்து நின்ற முன்னோடி ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டார். தேவையிலிருந்து பிறந்த தேர்வு என்பதால் அது கற்றல் ஆகாது என்பாரோடு வாதிட்டுப் பயனில்லை. தேவையே இல்லாமல் எவரும் எந்த ஆசானையும் தேடியதில்லை.

சடங்கு வாசிப்பைச் சோதிக்க இன்னொரு சமர்ப்பணம் இருக்கிறது. வியப்பான வகையில் அது இந்த விவாதத்தில் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. 1948இல் வெளியான ‘தீண்டப்படாதவர்கள்’ நூலை அம்பேத்கர் நந்தனார், ரவிதாசர், சொக்கமேளர் ஆகிய மூவரின் நினைவுக்குச் சமர்ப்பித்தார். தீண்டப்படாதவராய்ப் பிறந்து, பக்தியாலும் ஒழுக்கத்தாலும் அனைவரின் மதிப்பையும் பெற்றவர்கள் என்பதே அங்கே சொல்லப்படும் காரணம். சொக்கமேளர் அம்பேத்கரின் சொந்தச் சாதியான மகர் சாதியில் பிறந்தவர். நம் நந்தனாரோ தில்லைக்குள் போகத் தீயில் இறங்க வேண்டியிருந்தவர். இவர்களை அம்பேத்கர் வணங்குகிறார். ஆனால் 1954இல் பம்பாயில் தம் மூன்று குருக்கள் யாரென்று அறிவித்தபோது புத்தர், கபீர், பூலே என்றே சொன்னார். 1948இல் சமர்ப்பணம் பெற்ற மூவரில் ஒருவரும் அப்பட்டியலில் இல்லை. சமர்ப்பணம் அவருக்கு வெறும் மரியாதை என்றால் இந்த வேறுபாடு ஏன்? மற்றவரின் மதிப்பைப் பெற்றவர் போற்றத்தக்கவர். மற்றவரை எழச் செய்தவரே கற்கத்தக்கவர். 1946இன் வாசகமும் 1948இன் வாசகமும் இந்தப் பிரிவினையை இம்மியும் பிசகாமல் காக்கின்றன.

‘குலாம்கிரி’க்கும் ஒரு சமர்ப்பணம் உண்டு. நீக்ரோ அடிமை முறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களைப் போற்றும் பூலே, தம் நாட்டவர் சூத்திர சகோதரர்களை விடுவிக்க அவர்களையே வழிகாட்டியாகக் கொள்ள வேண்டும் என்ற விருப்பத்தையும் அதில் எழுதினார். கடலுக்கு அப்பால் இருந்தவர்களை, ஒருமுறையும் பார்த்திராதவர்களை, தலைமைக்கு முன்மாதிரியாக நிறுத்தும் செயல் அது. அங்கும் அவர் எடுத்துக்கொண்டது துணிவை மட்டுமே. போரால் நடந்த விடுதலையின் வழியை அவர் பின்பற்றவில்லை. பள்ளிக்கூடமும் 1873இல் தொடங்கிய சத்யசோதக் சமாஜமுமே அவர் கருவிகள். அம்பேத்கர் இதைப் பார்த்தே தம் சமர்ப்பணத்தை அமைத்தார் என்று நான் வாதிடவில்லை. இருவரும் ஒரே வகையான செயலைச் செய்தார்கள் என்பது போதும்.

இன்னும் கனமான மறுப்பு இடையாட்களைப் பற்றியது. பூலே இறந்தது 1890 நவம்பர் 28. அம்பேத்கர் பிறந்தது 1891 ஏப்ரல் 14. இடைவெளி ஐந்து மாதம்கூட இல்லை; ஆயினும் அது கடக்க முடியாத இடைவெளி. ஆகவே அவர் கற்றது பூலேயிடமன்று, பூலேயின் பெயரில் 1920களில் இயங்கிய பிராமணரல்லாதார் இயக்கத்திடம் என்கிறார்கள். 1927ஆம் ஆண்டு நிகழ்வு இதற்கு எதிராக நிற்கிறது. பொதுக் குளத்தில் தீண்டப்படாதவர் நீர் எடுக்கும் உரிமைக்காக நடந்த மகாட் சத்தியாகிரகத்துக்கு ஆதரவு தர அவ்வியக்கத்தின் தலைவர்களான ஜேதேயும் ஜவல்கரும் ஒரு நிபந்தனை வைத்தனர்: பிராமணர் எவரும் கலந்துகொள்ளக் கூடாது. அம்பேத்கர் மறுத்தார். அந்த டிசம்பரில் மனுஸ்மிருதியை எரிக்கும் தீர்மானத்தை முன்மொழிந்தவர் சகஸ்ரபுத்தே என்ற பிராமணர். 1848இல் புனேயில் பெண்களுக்கான பள்ளியைப் பூலே தொடங்கியதும் பிடே என்ற பிராமணரின் வீட்டில்தான். வழிவழியாகப் பெற்றவர்கள் விட்டுவிட்ட ஒன்றை, வழிமரபுக்கு வெளியே நின்றவர் கண்டெடுத்திருக்கிறார். ஒப்புமை மட்டும் சான்றாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் இடையாட்கள் சொன்னதையே அவர் கற்றார் என்ற கருத்து மகாடில் உடைந்துபோகிறது.

மகாட் வேறொன்றையும் காட்டுகிறது. 1868இல் பூலே தம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதவர்களுக்குத் திறந்துவிட்டார். அது உரிமையாளன் தன் உடைமையைத் திறந்த செயல். 1927இல் சவதார் குளத்தில் அம்பேத்கர் நீர் அருந்தியது பொதுச் சொத்தில் சட்டப்படி உள்ள உரிமையை எடுத்துக்கொண்ட செயல். பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதவருக்குத் திறக்கச் சொல்லி 1923இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் நிறைவேறிய போலே தீர்மானம் அதற்கு அடிப்படை. ஆசான் கொடுத்தார், மாணவர் மக்களையே எடுக்கச் செய்தார். கேள்வி ஒன்றே, விடை வேறு.

தலைவர் பக்தியை வெறுத்தவருக்குக் குரு எதற்கு என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை. 1943 ஜனவரியில் புனேயில் ரானடே பற்றி ஆற்றிய உரையில் தலைவர் வழிபாட்டைக் கடுமையாகக் கண்டித்தார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கு வழி என்று எச்சரித்தார். அதே மனிதர் ஐந்து ஆண்டுகள் கழித்துக் குருக்களின் பெயரைச் சொல்கிறார். மூவரும் அவர் கண்டிராதவர்கள். கொலம்பியாவில் நேரில் பாடம் கேட்ட ஜான் டூயி அப்பட்டியலில் இல்லை. காணாத ஆசான் கீழ்ப்படிதலைக் கேட்பதில்லை, முகம் வாடுவதில்லை, மறுப்பைத் துரோகமாகக் கொள்வதுமில்லை. ஆசானின் வரலாற்றை மறுக்கும் நூலை அதே ஆசானின் பெயரில் வெளியிட இந்த உறவில் மட்டுமே முடியும். பூலேயும் வேத புராணங்களை மறுத்தே மக்களிடம் பேசினார். அவரைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்டு அவர் நூலை வேதமாக்கியிருந்தால் அதுவே பூலேயைக் கைவிட்டதாகும்.

1947இல் காங்கிரஸ் அமைச்சரவையில் சேர்ந்தபோது சமர்ப்பணத்தின் சொல்லை அம்பேத்கர் காற்றில் விட்டார் என்ற குற்றச்சாட்டை நீண்டு பேச வேண்டியதில்லை. பூலேயும் புனே நகராட்சியின் நியமன உறுப்பினராய் இருந்தவர். வைஸ்ராய் லிட்டனை வரவேற்க நகராட்சிப் பணத்தைச் செலவிடுவதை உள்ளிருந்தே எதிர்த்தவர். அம்பேத்கரும் உள்ளே சென்றபின் தம் முன்னுரிமையை மாற்றிக்கொள்ளவில்லை. அரசியலில் சமத்துவமும் சமூக வாழ்வில் சமத்துவமின்மையும் ஒன்றாக நெடுநாள் நிற்க முடியாது என்று 1949இல் அரசியல் நிர்ணய சபையிலேயே சொன்னார். பெண்களுக்குச் சொத்திலும் மணவிலக்கிலும் உரிமை தரும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதை முதன்மையான காரணங்களுள் ஒன்றாகக் காட்டி 1951 செப்டம்பரில் பதவியைத் துறந்தார். சமர்ப்பணத்தில் அவர் பூலேயின் பெயரோடு சேர்த்து எழுதிய முன்னுரிமை, ஐந்து ஆண்டுகள் கழித்து அவரிடமே ஒரு விலையைக் கேட்டது. அவர் அந்த விலையைக் கொடுத்தார்.