கல்லும் கயிறும்: முத்துக்குளித்துறையிலிருந்து ஸ்கூபா வரை

திண்டுக்கல் சமவெளியில் நீச்சல் பெரும்பாலும் கிணற்றில் கற்ற வித்தை. முதுகில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிடப்பட்ட சிறுவர்கள், நாளடைவில் அடிமட்டத்து மண்ணை அள்ளிவந்து காட்டும் அளவுக்குத் தேறிவிடுவர். ஆயினும் அவர்களுக்கு அண்மையில் உள்ள கடல்மூழ்கு மரபு, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், மன்னார் வளைகுடாவின் முத்துக்குளித்துறையில் உருவானது. இவ்விரு நிலப்பகுதிகளும் ஒன்றுக்கொன்று முற்றிலும் அந்நியமானவை அல்ல: 1605ஆம் ஆண்டளவில் திண்டுக்கல் மலைக்கோட்டையை எழுப்பிய மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பரே இராமநாதபுரத்துச் சேதுபதி மரபை மீண்டும் நிலைநிறுத்தியவர், நாயக்கரும் சேதுபதியும் முத்துக்குளிப்பில் தத்தமக்குரிய பங்கைக் கோரியவர்கள்.

அத்தொழில் நாயக்கர் காலத்துக்கு மிகவும் முந்தியது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளூஸ், பாண்டியரின் கொற்கைத் துறையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்ததாகக் குறிப்பிடுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், இருபதில் ஒரு பங்கு சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோருக்கும் சென்றதை எழுதிவைத்துள்ளார். 1530களில் கடலோரச் சமூகத்தினரான பரதவர் கத்தோலிக்கம் தழுவிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்புக்குள் வந்தனர். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரரிடம் சென்றது. பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். கைகள் மாறினவே தவிர, கடலுக்குள் இறங்கும் முறை பெரிதாக மாறவில்லை.

முத்துச்சிப்பிகள் வாழும் பாறைத்திட்டுகளைக் கடற்கரையினர் ‘பார்’ என்பர். இவை பெரும்பாலும் கரையிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி, சுமார் 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் அமைந்தவை. பரதவரும் கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் இத்தொழிலில் ஈடுபட்டனர். நள்ளிரவுக்குப் பின் வீசும் கரைக்காற்றில் தோணிகள் புறப்பட்டு விடியலில் பாரை அடையும். பிற்பகலில் எழும் கடற்காற்று அவற்றைக் கரைசேர்க்கும். ஒரு கல்லுக்கு இரண்டு குளியாளர்கள்: ஒருவர் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால்பதித்து, மூக்கை விரல்களால் பொத்திக்கொண்டு விரைந்து இறங்க, மற்றவர் அதுவரை மேலே இளைப்பாறுவார். தரையைத் தொட்டவுடன் கல் மேலே இழுக்கப்படும். குளியாளர் ஒரு நிமிடத்தை ஒட்டிய நேரத்துக்குள் கைக்கெட்டிய சிப்பிகளை வலைப்பையில் இட்டுக் கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் அவரைத் தூக்கிவிடுவார். அக்கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பு மனைவியின் சகோதரனுக்கே தரப்பட்டது என்றும், தன் உடன்பிறந்தாள் கைம்பெண் ஆவதை விரும்பாதவன் கை தளராது என்பதே அதற்குக் காரணம் என்றும் ஒரு வழக்கு இன்றும் சொல்லப்படுகிறது. எல்லாத் தோணிகளிலும் அவ்வாறே நடந்ததோ இல்லையோ, தனியாக எவரும் மூழ்கக்கூடாது என்ற விதியை இதைவிட அழுத்தமாகச் சொல்லிவிட முடியாது; இன்றைய பயிற்சிப் பள்ளிகள் ‘இணையர்’ முறை என்று கற்பிப்பதும் இதையே.

மார்க்கோ போலோ கண்ட மந்திரக்காரருக்குத் தமிழில் ‘கடல்கட்டி’ என்று பெயர். அவரைப் பழங்கால மூடநம்பிக்கையின் எச்சமாகப் பார்த்த ஆங்கில அரசே இலங்கையின் முத்துக்குளிப்பில் அவருக்கு ஊதியமும் தந்தது. அவர் இல்லாமல் குளியாளர்கள் இறங்க மறுத்ததே அதற்குக் காரணம். மந்திரம் சுறாவைக் கட்டியதா என்பது இங்கே முக்கியமன்று. இன்று இறங்குவதில்லை என்று சொல்லக் கடலின் அடியில் உழைப்பவருக்கு எல்லோரும் ஏற்கும் ஒரு வழி இருந்தது என்பதே கவனிக்கத்தக்கது. பணம் கட்டிவிட்டோம், விடுமுறை முடிகிறது என்ற எண்ணத்தில் கலங்கிய கடலில் இன்று மூழ்கப் பழகும் புதியவருக்கு அத்தகைய வழி எதுவும் இல்லை.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த முத்துக்குளிப்பே அங்கு நடந்த இறுதித் தொடராக அமைந்தது. அதையொட்டி 1960களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் ஆகியோர் முதுகில் காற்றுச் சிலிண்டருடன் இப்பகுதியின் கடலடியை ஆராய்ந்து எழுதினர். 1943இல் பிரான்சின் கூஸ்தோவும் காஞானும் உருவாக்கிய ‘ஸ்கூபா’ எனும் இம்மூச்சுக்கருவியின் உயிர்நாடி ரெகுலேட்டர். அது சூழ்ந்துள்ள நீரின் அழுத்தத்துக்கு ஈடான அழுத்தத்தில் காற்றைத் தருவது.

முத்துக்குளியாளரின் மரபு புதியவருக்கு உதவாமல் போவதும், ஆபத்தாகவே மாறுவதும் இவ்விடத்தில்தான். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் நீரின் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. மேலே 6 லிட்டர் மூச்சிழுத்தவரின் நுரையீரலில் அது 10 மீட்டர் ஆழத்தில் 3 லிட்டராகச் சுருங்கி, மேலேறுகையில் பழைய 6 லிட்டருக்கே திரும்பும். எனவே குளியாளர் மூச்சை அடக்கியபடியே ஏறலாம். ஸ்கூபாவில் இறங்கியவரோ அதே ஆழத்தில் 6 லிட்டரை நிரப்பிக்கொள்கிறார். மூச்சை அடக்கி ஏறினால் அது மேற்பரப்பில் 12 லிட்டராக விரியப் பார்க்கும், நுரையீரல் கிழியும். இது ஓரிரு மீட்டர் ஆழத்திலும் நேரக்கூடியது. கிணற்றில் மூச்சடக்கிப் பழகியவர் பதற்றத்தில் தம்மையறியாமல் செய்யும் செயலும் இதுவே ஆதலால், இடைவிடாது மூச்சு விடும் பழக்கத்தை அவர் ஆழமற்ற நீரிலேயே ஊன்றிக்கொள்ள வேண்டும்.

கிணற்றில் அலையும் இல்லை, நீரோட்டமும் இல்லை. மீனவர் ‘நீவாடு’ என்றழைக்கும் நீரோட்டத்தை உள்ளூர்ப் படகோட்டியிடம் கேட்டறிந்து, முதலில் அதை எதிர்த்துச் சென்று, களைத்த பின் அதனுடன் கரைக்குத் திரும்புவதே முறை. உப்புநீர் உடலைக் கூடுதலாக மிதக்கவிடுவதால், நீச்சல்குளத்தில் போதுமானதாக இருந்த எடைப்பட்டை கடலில் போதாது. இராமேசுவரம் வட்டாரத்தில் வாடைக்காற்றுக் காலத்தில் தென்கடலான மன்னார் வளைகுடாவும், தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் வடகடலான பாக் விரிகுடாவும் ஒப்பளவில் அமைதியாக இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட மார்ச் முதல் மே வரையான தெளிந்த பருவத்தையே முத்துக்குளிப்பு தேர்ந்துகொண்டது. முதல்நிலைப் பயிற்சி முடித்தவருக்குப் பன்னாட்டு அமைப்புகள் விதிக்கும் 18 மீட்டர் எல்லை, பழைய பார்களின் ஆழத்துக்குள்ளேயே அடங்குவது ஒரு தற்செயல். 1986இல் அறிவிக்கப்பட்ட தேசியக் கடல் பூங்காவின் 21 தீவுகளைச் சூழ்ந்த நீரில் வனத்துறையின் அனுமதியின்றி இறங்கக்கூடாது. பவளம் 2001 முதல் புலிக்கு நிகரான சட்டப் பாதுகாப்பில் உள்ளது.

சமவெளியினர் தனியே கருதவேண்டிய ஒன்று ஊர் திரும்பும் வழியில் இருக்கிறது. ஆழத்தில் சுவாசித்த காற்றின் நைட்ரஜன் குருதியிலும் தசையிலும் கரைந்து, மேலேறிய பின்னும் பல மணிநேரம் மெல்ல வெளியேறும். சுற்றியுள்ள அழுத்தம் விரைந்து குறைந்தால் அது குமிழிகளாகி மூட்டுவலி முதல் செயலிழப்பு வரை விளைவிக்கும் என்பதைப் பிரெஞ்சு அறிவியலாளர் பால் பெர்ட் 1878இல் நிறுவினார். ஒருமுறை மூழ்கியவர் 12 மணிநேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணிநேரமும் கழித்தே விமானம் ஏறலாம் என்பது இன்றைய வழிகாட்டல். 600 மீட்டருக்கு மேற்பட்ட மலைப்பயணத்துக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும். திண்டுக்கல் நகரம் 300 மீட்டருக்கும் குறைந்த உயரத்தில் இருப்பதால் அன்று மாலையே வீடு சேர்வதில் தடையில்லை. ஆனால் வத்தலக்குண்டு வழியாக, சுமார் 2,100 மீட்டர் உயரத்துக் கொடைக்கானலுக்கு வண்டியை விடுவதை மறுநாளைக்குத் தள்ளிவைக்க வேண்டும்.